பேச்சியம்மாள் சொல்லாத பேர்

அறுபத்தெட்டாம் வருஷத்து மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற தியாகராய நகர் ஜவுளிக்கடைக்காரர் சுயம்புலிங்கத்துக்குப் பலமும் அவர் மனைவிதான், ஆபத்தும் அவர் மனைவிதான்.

பேச்சியம்மாள் போய் நின்றாலே அடையாற்றங்கரைக் குடிசைப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு முகராசி. கஷ்டம் என்னவென்றால், கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்ற பயத்தையும் திருநெல்வேலியிலிருந்து சீரோடு சீராகக் கொண்டுவந்திருந்தாள். சுயேச்சைகளுக்குச் சின்னமும் இன்னும் ஒதுக்கவில்லை. அதனால் பேர் கேட்டவர்களுக்கெல்லாம் விடுகதை போட்டாள்: முன்பாதி தானாய்த் தோன்றியது, பின்பாதி சிவன் கோயில் கருவறையில் இருப்பது.

முன்பாதி யாருக்கும் பிடிபடவில்லை. பின்பாதி எல்லாருக்கும் பிடிபட்டது. லிங்கம். சுவரெல்லாம் ஒட்டியிருந்ததோ எதிர்த்து நின்ற ராமலிங்கத்தின் போஸ்டர்.

சுயம்புலிங்கம் கும்பிட்டபடி அந்தப் பக்கம் போனபோது, மீன் விற்கும் சுலோச்சனா அவருக்குத் தைரியம் சொன்னாள். "கவலப்படாத நைனா. உன் வூட்டம்மா சொல்லிக்கீது. எங்க ஓட்டு மொத்தமும் ராமலிங்கத்துக்குத்தான்."

மதியம் சாப்பிட வந்தவர் சொல்லி இதைக் கேட்டதும் பேச்சியம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. ஆற்றங்கரை ஓட்டு போனால் தோல்விதான். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "தோத்தா தோக்கட்டும் பேச்சி. ஒனக்குப் பயமா இருந்தா சொல்ல வேண்டாம்" என்றார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் குழாயடிக்குப் போய் சுலோச்சனாவிடம் தன் பயத்தைச் சொன்னாள். குடங்களோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னாக்கா நீ. எங்க ஆளை நான் தெனம் பேர் சொல்லித்தான் திட்டிக்கினு கீறேன். அது எருமையாட்டம் நல்லாத்தான் கீது" என்றாள் சுலோச்சனா.

பேச்சியம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"சுயம்புலிங்கம்."

கேட்கவில்லை என்று பெண்கள் வம்புக்கு இழுத்தார்கள். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கே ருசி தட்டிவிட்டது. "எங்க சுயம்புலிங்கத்துக்குப் போடுங்க" என்று கணீரென்று சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே அவரே நிற்கிறார். அவளைத் தேடி வந்தவர். மைக் கிடைத்தால் விடாத மனிதர், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். காது மடல்வரை சிவந்திருந்தது.

"பாருங்கடி, மாப்ள வெக்கப்படுது" என்றாள் சுலோச்சனா.

அந்த ஆற்றங்கரைப் பெட்டிதான் அவரை ஜெயிக்க வைத்தது என்பது பின்னால் வந்த சேதி. அன்றைக்கு வீடு திரும்பும் வழியில், ஆள் நடமாட்டம் குறைந்த தெருவாகப் பார்த்து அவர் நடையைத் தளர்த்தினார்.

"இன்னொருக்கா சொல்லேன், பேச்சி."

"ஒங்ககிட்ட ஓட்டு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

அவள் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவர் காதருகே போய்ச் சொன்னாள்.