ஞானஜோதி டீச்சரின் குரல்

அன்றைக்கு அசரியா தோற்க வேண்டும் என்று ஞானஜோதி டீச்சர் ஜெபமே செய்திருந்தாள். கட்டின புருஷன் டெஸ்ட்டில் தோற்க வேண்டும் என்று எவளாவது ஜெபிப்பாளா? அவள் ஜெபித்தாள். அவ்வளவு அலுத்துப் போயிருந்தாள். பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்து மனுஷர் வீட்டுக்குள் விழுந்துகொண்டே இருந்தார். பாத்ரூம் வாசலில் விழுவார், டைனிங் டேபிளைச் சுற்றித் திரும்பும்போது விழுவார். முட்டி தேய்ந்துபோன டீச்சர் தரையில் உட்கார்ந்து, அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து, மூச்சு வாங்கத் தூக்கி நிறுத்துவாள். துணைக்கு ஒரு அட்டெண்டர் வைத்துக்கொள்ளலாம் என்றால் மனுஷர் கேட்டால்தானே?

"எனக்கு ஒண்ணும் இல்ல. தெரபிஸ்ட் டெஸ்ட் பண்ணிட்டு, ஆள் வேணும்னு சொன்னா பாக்கலாம். அதுவரைக்கும் தொணதொணக்காதே" என்றுவிட்டார்.

அந்தத் தெரபிஸ்ட்டைப் பார்க்கத்தான் செம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து, கேம்ப் ரோடு நெரிசலில் வெந்து, கிழக்குத் தாம்பரம் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள்.

தெரபிஸ்ட் ஜெரூஷா மகள் வயசுப் பெண். "அங்கிள், கையை ஊணாம சேர்லருந்து எந்திரிச்சு, அந்தச் சிவப்பு டேப் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உக்காருங்க" என்று ஸ்டாப்வாட்சை எடுத்தாள்.

அசரியா எழுந்தார். நடந்தார். அடேயப்பா, என்ன நடை! கையைக்கூட வீசினார். டேப்பைத் தொட்டுத் திரும்பி வந்து, பதவிசாக உட்கார்ந்தார். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பசை போட்டு ஒட்டின மாதிரி நிற்கிற கால், இங்கே சர்ச்சுக்குள் நுழைகிற கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருகிறதே!

அடுத்து ஜெரூஷா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். இழுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு தோளையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அவர் ஒரு எட்டு பின்னால் வைத்துச் சமாளித்து நின்றுவிட்டார்.

"நல்லா பேலன்ஸ் பண்றீங்க அங்கிள்."

"நான்தான் சொன்னேன்ல" என்றார் அசரியா. இப்போதெல்லாம் அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். நோய் முகத்தை இறுக்கி வைத்திருந்ததால் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. சிரிக்கிறார் என்றே டீச்சர் முடிவு செய்தாள்.

"அத்தனையும் நடிப்பும்மா!" என்று எழுந்தே விட்டாள். "வீட்டுல வந்து பாரு. அவர் முழங்கையில காயத்தைப் பாரு. நான் என்ன பொய்யா சொல்றேன்? என்னால முடியலம்மா. நிஜமாவே முடியல."

"நீங்க பொய் சொல்லல ஆன்ட்டி. எங்க முன்னாடி நிறையப் பேர் கவனமா நடந்துடுவாங்க. வீட்டுல அங்கிள் நடக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"கூடவேதான். வேற எங்க போவேன்?"

"அப்ப இங்கயும் கூட வாங்க. வீட்டுல என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க." ஜெரூஷா அசரியாவின் இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டைக் கட்டி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அசரியா மறுபடி கிளம்பினார். டீச்சர் பக்கத்திலேயே நடந்தாள். டேப் நெருங்குவதற்குள் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "பாத்து! பாத்துங்க... காலைத் தூக்கி வைங்க. ஐயோ, அப்படித் திரும்பாதீங்க, பாத்து!" கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் அது. ரிட்டயர் ஆகியும் இறங்கவில்லை.

அசரியாவின் கால் நின்றது. பாதம் இருந்த இடத்திலேயே படபடத்ததே தவிர, அடுத்த அடி விழவில்லை. அவள் பக்கம் தலையைத் திருப்பினார். அப்படியே சாய்ந்துவிட்டார். ஜெரூஷா பெல்ட்டை இழுத்துப் பிடிக்காவிட்டால் மண்டை தரையில்தான் மோதியிருக்கும்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு ஜெரூஷா மெதுவாகச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. நாம யோசிக்காமலே நடக்கறோம். அங்கிள் ஒவ்வொரு அடியையும் நினைச்சு வைக்கணும். நடுவுல நீங்க பேசினா மனசு உங்ககிட்ட வந்துடுது. கால் நின்னுடுது."

டீச்சருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. காப்பாற்றுவதாக நினைத்து, நாள் முழுக்கக் கத்திக் கத்தி, தானே அவரைக் கீழே தள்ளியிருக்கிறாள். போதாக்குறைக்கு, நகராமல் நிற்கும்போது அழுத்தம் பிடித்த மனுஷன் என்று வேறு திட்டியிருக்கிறாள்.

"இதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா நீங்க?" கோபம் அவர்மேல்தான் வந்தது. வேறு யார்மேல் வரும்?

"நீ கூப்பிட்டா நான் எப்படி நிக்காமப் போறது?" என்றார் அசரியா.



ஜெரூஷா பேச்சைத் தொடர்ந்தாள். "அட்டெண்டர் கண்டிப்பா வேணும்னு எழுதறேன் ஆன்ட்டி. உங்களுக்கும் ரெஸ்ட் வேணும். சத்தம் போடாம கூட நடக்கத் தெரிஞ்ச ஆளா அனுப்பறேன். அங்கிள் நடக்கற நேரத்துல நீங்க கொஞ்சம் தள்ளியே இருங்க, பேச்சுக் கொடுக்க வேணாம்."

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை.

அசரியா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஆளெல்லாம் வேணாம்மா" என்றார். "விழுந்தா விழுந்துட்டுப் போறேன். இவளே பேசட்டும்."

டீச்சருக்குக் கண் பொங்கிவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள், நிற்கவில்லை. அழுதுகொண்டே அவரைப் பார்த்துக் கத்தினாள்.

"விழுறது நீங்க. தூக்குறது யாரு, உங்க தாத்தாவா?"

ஜெரூஷா பக்கம் திரும்பினாள். "நீ எழுதும்மா. நாளைக்கே ஆள் வரட்டும்."