சோமசேகரத்தின் கறுப்புக் கண்ணாடி

1

இந்தக் கதையை ஒரு கல்யாணப் புகைப்படத்திலிருந்து திருடினேன். படத்தில் மணப்பெண்ணின் தகப்பன் வில்லைகள் இல்லாத வெறும் கண்ணாடிச் சட்டத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். ஏன் என்று சொல்ல யாருமில்லை. சோமசேகரம் என்று பெயர் வைத்து, அவரைச் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரராக்கினேன்.

(முதலில் எழுதியது: "1991, மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை..." வெட்டிவிட்டேன். இந்தக் கதைக்கு வெயில் வேண்டும்.)

2

எழும்பி நின்றால் சோமசேகரம் விழுந்துவிடுவார். கால் வீங்கி, நாக்கும் தடித்துவிட்டது. மகளின் கல்யாணம் கிட்டி வந்துவிட்டது. தாரைவார்க்க மனுசன் எப்படி நிற்கப்போகிறார் என்று மனைவி குணலட்சுமிக்கு ஒரே கவலை.

டொக்டர் ஜெபநேசன் கார் பற்றரியைப் பூட்டி ஈசிஜி எடுத்தார். கடதாசியில் எறும்பு ஊர்ந்ததுபோலச் சின்னக் கோடுகள்.

"பற்றரி இறங்கிப்போச்சு, ஐயா," என்றாள் குணலட்சுமி. சண்டையால் ஊரில் கரண்ட் போன நாள்முதல் எல்லாக் குற்றமும் பற்றரியின் தலையில்தான்.

"அப்ப நீங்கள் ஒருக்கால் படுங்கோ அம்மா, பாப்பம்."

அதே மெஷினில் அவளுடைய கோடுகள் பனையளவு எழும்பின.

"உவவின்ரை நெஞ்சு எப்பவும் உப்பிடித்தான்," என்றார் சோமசேகரம் பெருமையாக.

3

(கொஞ்சம் மருத்துவம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அமிலோயிட் என்ற புரதம் படிந்தால் இதயம் தடித்து விறைக்கும், கோடோ சிறுக்கும். அந்த நெஞ்சுக்கு அவர் விழுங்கிவந்த பிறசர் குளிசையே எமன்; எழும்பினால் விழுத்துவதும் அதுதான். நிச்சயப்படுத்த, வயிற்றுக் கொழுப்பில் துளி எடுத்துச் சிவப்புச் சாயமூட்டி, ஒளியை ஒரு திசைக்கு அடக்கும் இரண்டு வில்லைகளுக்கிடையே பார்க்க வேண்டும்; பச்சை மின்னினால் அதுதான். அந்த வில்லைகளுக்கு எங்கே போவது?

சோமசேகரத்தின் மூக்கில் இருந்தன. கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய, கண்கூசும் ஒளியை அப்படி அடக்குகிற கறுப்புக் கண்ணாடி.

"கழட்டுங்கோ, அண்ணை."

"கலியாணப் படத்துக்கு நிக்கேக்கை போடவெண்டு வைச்சிருக்கிறன்."

"நீங்கள் நிக்கிறதுக்குத்தான் கேக்கிறன்."

முற்றத்து வெயிலில் டொக்டரின் நுணுக்குக்காட்டி, மைக்ரொஸ்கோப். சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு வில்லை கீழே, மற்றது மேலே, இடையில் சாயமூட்டிய கொழுப்புத் துளி. மேல்வில்லையைத் திருப்ப எல்லாம் இருண்டு, நடுவில் பச்சை மின்னியது.

"ஆப்பிள் பச்சை," என்றார் ஜெபநேசன்.

குணலட்சுமியும் குனிந்து பார்த்தாள். "வாழைக்குருத்துப் பச்சை," என்று திருத்தினாள்.

பொல்லாத நோய்தான். ஆனாலும் பிடிபட்டுவிட்டதே என்று எழுதுகிற எனக்கே துள்ள வேண்டும்போல இருக்கிறது.

4

முடிவு ஒன்று: அடுத்த மாரிக்குள் அவர்... (வேண்டாம்.)

முடிவு இரண்டு: கொழும்பிலிருந்து வந்த மருந்தில் நோய் முற்றாக... (பொய்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குளிசையை நிறுத்தினார்கள். கல்யாணத்தன்று சோமசேகரம் வெறுஞ்சட்டத்தை மாட்டிக்கொண்டு, குணலட்சுமி தண்ணீர் வார்க்க, மகளைத் தாரைவார்த்து முடியுமட்டும் நின்றார். படத்துக்கும் நின்றார். "இனிக் கதிரையிலை இருங்கோவன்," என்றாள் அவள். "நிண்டு பாக்கிறன்," என்றார்.

இன்னும் நிற்கிறார். அவரை இருத்தும் வசனம் வேண்டுமென்றால் நீங்களே எழுதுங்கள். எனக்குக் கை வராது.