பேண்டுக்கு மேல் சேலை

குளிர் மேலேயிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தோம். அதனால் எல்லாவற்றையும் மேலேயே போட்டுக்கொண்டோம். ரவிக்கை, சேலை, சேலைக்கு மேல் என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடி ஒரு துண்டு. இடுப்புக்கு மேலே பார்த்தால் மூட்டை. கீழே ஒரு பாவாடை, ஒரு நூல் சேலை, அவ்வளவுதான். குளிரோ தரையிலிருந்து கிளம்பியது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் பாவாடைக்குள் ஏறியது.

வெயில் ஊரில் சித்தாள் வேலை பார்க்கிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவோம். வெயில் சுடாது, சிமெண்ட் கையை அரிக்காது. அந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி இந்தக் குளிர் ஊருக்கும் கொண்டுவந்துவிட்டோம். இங்கே வெயிலும் இல்லை, சட்டைக்கு வேலையும் இல்லை. காலையில் சேலைக் கரை சேற்றில் நனைந்தால் சாயங்காலம் வரை காயாது. நடக்கும்போது ஈரத்துணி காலில் சப்பு சப்பென்று அடிக்கும். ராத்திரி அறையில் கொடியில் போட்டால் விடியும்போது பலகை மாதிரி விறைத்து நிற்கும். அதைத்தான் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் பேண்ட்தான். கிழவிகள்கூட. பஸ் நிற்கிற இடத்தில் நானும் என் ஓரகத்தியும் நின்றால் ஜனங்கள் எங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். "மானமா உடுத்தறதும் நாமதான், காட்சிப்பொருளும் நாமதான்" என்பாள் ஓரகத்தி.

எங்களை இங்கே கூட்டிவந்தது அவள் புருஷன். என் வீட்டுக்காரருக்கு அண்ணன், எங்கள் எல்லாருக்கும் மேஸ்திரி. நாங்கள் வேலை பார்க்கிற கட்டடத்தில் பூச்சு வேலை முழுக்க அவர் செட்டுதான். கொத்தனார், சித்தாள் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். தங்கியிருக்கும் அறைகளும் அவர் பேரில் எடுத்தவை. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எனக்குக் கழுத்து போய்க்கொண்டிருந்தது. பாவாடை கட்டின வயதிலிருந்து தலையில் சுமை. காலையில் எழுந்தால் கழுத்து ஒரு பக்கம் திரும்பாது, ஆளோடு சேர்த்துத் திருப்பணும். வலது கை விரல்கள் மரத்துப்போய், டம்ளர் பிடித்தால் நழுவும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் பாஷை தெரிந்த டாக்டரம்மா கழுத்து எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இனிமே தலையில சுமை வெச்சீங்கன்னா இந்தக் கை வெளங்காமப் போயிடும்."

சித்தாளிடம் சுமை தூக்காதே என்பதற்கு, சாப்பிடாதே என்று நேராகவே சொல்லிவிடலாம்.

கட்டடத்தில் சாமான் ஏற்றுகிற லிஃப்ட் ஒன்று இருந்தது. சுற்றிலும் கம்பிவலை அடித்த பெரிய கூண்டு. மணல், கலவை, ஓடு எல்லாம் அதில்தான் மேலே போகும். ஆனால் அதை ஓட்ட உள்ளே ஒரு ஆள் வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்த இந்த ஊர்ப் பெண் அடிக்கடி லீவு போட்டுவிடுவாள். அன்றைக்கெல்லாம் நாங்கள் சட்டியைத் தலையில் வைத்துப் படியேறுவோம். அவள் வருகிற நாட்களில் சாப்பாட்டு வேளையில் நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். பிடியைத் தள்ளினால் ஏறும், இழுத்தால் இறங்கும், சிவப்புப் பொத்தானை அடித்தால் நிற்கும். அவளே என் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டாள். பிறகு ஒருநாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். அவரும் எங்கள் பாஷைக்காரர்தான். "லிஃப்ட்ட நீ பாத்துக்கறியாம்மா? ஆனா ஒண்ணு. சேலையோட உள்ள விடமாட்டேன். தொங்கற துணி எதுவும் கூடாது. பேண்ட் போட்டுட்டு வா."

தலையில் சுமை இல்லாத வேலை! எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அழுதால் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னதும் அவர் வெற்றுச் சுவரைப் பார்த்துப் பேசினார். கோபம் வந்தால் அப்படித்தான்.

"நம்ம வீட்டுப் பொம்பள பேண்ட் மாட்டிக்கிட்டு அத்தனை ஆம்பளைங்க நடுவுல நிக்கறதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"எந்த நாலு பேரு மாமா? இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல?"

"எனக்குக் கை போயிடும்னு டாக்டர் சொல்லிருக்காங்க மாமா."

"எல்லா டாக்டரும் அப்படித்தான் பயமுறுத்துவான். பேண்ட்டப் போட்டா என் செட்டுல உனக்கு இடமில்ல. அறையையும் காலி பண்ணிடு."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். சுவர் எழுப்புவதில் கெட்டிக்காரர். அண்ணன் எதிரில் அவரே சுவராகிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய துணி குவித்து விற்கிற சந்தைக்குக் கிளம்பினேன். "உன் அக்கிரமத்த நானும் பாக்கணும்" என்று ஓரகத்தி கூடவே வந்தாள். குவியலில் முழங்கை வரை விட்டுத் துழாவி, முரட்டுத் துணியில் நீலமாக ஒன்றை இழுத்தேன்.

"எவன் போட்டதோடி இது" என்று மூக்கைச் சுளித்தாள்.

"எவன் போட்டதா இருந்தா என்னக்கா? இப்ப அவன் உள்ள இல்லையே."

"சரி, இதுல எது முன்னாடி, எது பின்னாடி?"

"ஜிப்பு இருக்கறது முன்னாடி."

"அவசரமா ஒண்ணுக்கு வந்துச்சுன்னா?"

"பட்டனக் கழட்டி, ஜிப்ப இறக்கி..."

"அதுக்குள்ள வந்துருமேடி!"

துணிக்காரருக்குப் பாஷை புரியவில்லை, ஆனாலும் எங்கள் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். ஓரகத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பேண்டைத் தன் இடுப்பில் வைத்து அளந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் பாம்பைத் தொட்டவள் மாதிரி குவியலில் எறிந்தாள்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். இரண்டு காலும் தனித்தனி வீட்டில் குடிபோன மாதிரி இருந்தது. குளிருக்கு வழியே இல்லை. ஒரு பக்கம் கழுத்து வலித்தாலும் குனிந்தேன், குந்தினேன், கட்டில்மேல் ஏறி இறங்கினேன். தடுக்க ஒன்றுமில்லை. கைதான் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. முந்தானையை இழுத்துச் செருக, மூக்கைத் துடைக்க, சிரித்தால் வாயை மூட, சும்மா நிற்கும்போது முறுக்க என்று எத்தனை வருஷம் பழகின கை! தேடித் தேடிக் கடைசியில் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. உள்ளே கதகதப்பாக இருந்தது. இத்தனை வயதில் எனக்கென்று ஒரு பாக்கெட்.

கதவைத் திறந்து வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அண்ணன் ஒரு வழி சொல்றாரு. உள்ள பேண்ட்டப் போட்டுக்க. மேல சேலையக் கட்டிக்க. அவரு பேச்சையும் கேட்ட மாதிரி ஆச்சு, சூப்பர்வைசர் பேச்சையும் கேட்ட மாதிரி ஆச்சு."

"தொங்கற துணியே கூடாதுங்கறாரு அவரு."

"இறுக்கிச் செருகிக்க. இந்தக் குளிர்ல அறைய விட்டு எங்க போறது, சொல்லு?"

ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பேண்ட், முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் சேலை. முழங்காலுக்கு மேல் தூக்கி, சுற்றி, பேண்டின் இடுப்பிலேயே இறுக்கிச் செருகினேன். பேண்ட்மேல் சேலையா, சேலைக்குள் பேண்டா என்று யாருக்கும் புரியவில்லை. செட்டு ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன, கல்யாணத்துக்குப் போறியா, கால்பந்து ஆடப் போறியா?" என்றான் ஒரு கொத்தனார்.

"ரெண்டுக்கும்தான். ஆட்டம் முடிஞ்சதும் பந்தி. நீ வந்து எல பொறுக்கு" என்றேன்.

சூப்பர்வைசர் ஐந்தாவது மாடியில் இருந்தார். மணலை ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்திக் காட்டச் சொல்லியிருந்தார். கதவைச் சாத்திப் பிடியைத் தள்ளினேன். கூண்டு ஏறியது. இரண்டு ஆள் உயரம்கூடப் போகவில்லை, யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி கதவில் போய் மோதினேன். செருகின கொசுவம் நழுவி, கதவிடுக்கு வழியாக வெளியே போய்ச் சாரக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. கூண்டு மேலே போகிறது, சேலை என்னைக் கீழே இழுக்கிறது. முகம் வலையில் அழுந்த, கையால் துழாவிச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். நின்றது. டர்ரென்று சேலை கிழிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பிடியை இழுத்துக் கூண்டைக் கீழே இறக்கினேன். சூப்பர்வைசர் படியில் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா! இன்னும் கொஞ்சம் போயிருந்தா ரெண்டா கிழிஞ்சிருப்பே. உனக்கு இது வேணாம். போ, போய்ச் சட்டியத் தூக்கு."

மேஸ்திரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடிபட்டதா என்று கேட்பார் என நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேன் சார். நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது."

அந்தச் சேலையைக் கட்டச் சொன்ன வாய்! உதட்டில் வலை குத்தி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இடுப்பில் கையை விட்டேன். செருகலை உருவினேன். எல்லார் முன்னாலும், நின்ற இடத்திலேயே, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று அவிழ்த்தேன். "ஐயையோ, என்னடி பண்றே!" என்று ஓரகத்தி தலையிலடித்துக்கொண்டாள். ஆம்பளைகள் மளமளவென்று முகத்தைத் திருப்பினார்கள். எதற்குத் திருப்பினார்களோ! கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை, கணுக்கால் வரை பேண்ட். சேலையில் தெரிகிற இடுப்புகூட வெளியே தெரியவில்லை. என் ஆயுசில் அவ்வளவு மூடிக்கொண்டு நான் நின்றதே இல்லை.

கிழிந்த சேலையைச் சுருட்டி மேஸ்திரியின் கையில் வைத்தேன்.

"இந்தாங்க மாமா. இது உங்களுக்குத்தான வேணும்? நீங்களே கட்டிக்கங்க."

பின்னால் எவனோ களுக்கென்று சிரித்துவிட்டு, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டான். மேஸ்திரி சேலையைக் கீழே போடவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

சூப்பர்வைசரைப் பார்த்தேன். "இப்ப தொங்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல சார். இன்னொரு தடவ ஏறிக் காட்டறேன். தப்பா நிறுத்தினா வீட்டுக்கு அனுப்புங்க."

அவர் என் காலிலிருந்து தலை வரை பார்த்தார். "மொதல்ல அந்த உதட்டத் தொடச்சுக்க" என்றார். பிறகு, "ஏறு."

ஏறினேன். மணலோடு அவரும் கூட வர, ஐந்தாவது மாடிக்குப் போய், தரையும் கூண்டும் ஒட்டி நிற்க நிறுத்தினேன். இறங்கினேன். மறுபடி ஏறி இறங்கினேன். "ம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மேஸ்திரிக்கு அப்போதுதான் குரல் வந்தது. "என் ஆளுங்க யாரும் இவ ஓட்டற லிஃப்ட்ல ஒரு சட்டி ஏத்தக் கூடாது! படியிருக்கு, காலிருக்கு. சாயங்காலம் இவ பெட்டி அறைக்கு வெளிய கிடக்கும்."

கிடந்தால் கிடக்கட்டும் என்று கூண்டுக்குள் நின்றேன். ஓடு பதிக்கிறவர்களின் பெட்டிகளையும் குழாய்க்காரரின் சாமான்களையும் ஏற்றினேன். எங்கள் சித்தாள்கள் கலவையைத் தலையில் வைத்து நான்காவது மாடிக்குப் படியேறினார்கள். என்னைக் கடந்து போகும்போது ஒருத்தியும் பார்க்கவில்லை. மேலே போய்ச் சேர்வதற்குள் கலவை இறுகிவிட்டது. "என்ன இது, கல்லக் கொண்டாந்து கொட்டறீங்க?" என்று கொத்தனார்கள் மேலேயிருந்து கத்தினார்கள். மேஸ்திரி கீழேயிருந்து பதிலுக்குக் கத்தினார்.

வெயில் என்று இங்கே எதைச் சொல்வார்களோ அது உச்சிக்கு வந்த நேரம். ஓரகத்தி சட்டியோடு படிவரை போனாள். நின்றாள். படியை அண்ணாந்து பார்க்கப் போனவளுக்குக் கழுத்து நிமிரவில்லை. அப்படியே திரும்பி வந்து, சட்டியைக் கூண்டுக்கு முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"இத எப்படிடி கூப்பிடறது?"

"அந்த மணிய அடிக்கணும்க்கா. மேலயோ கீழயோ, ரெண்டு தடவ அடிச்சாத்தான் நகரும். அடிக்காம நான் அசைக்கக் கூடாது."

"நாந்தான் எதிர்லயே நிக்கறேனே!"

"நீங்க நின்னாலும் அடிக்கணும்."

அடித்தாள். மேஸ்திரி ஓடிவந்தார். "யாரு சொன்னா உனக்கு?"

"என் கழுத்து சொல்லுச்சு. நீங்க தூக்கியிருந்தா உங்க கழுத்தும் சொல்லியிருக்கும்" என்று சொல்லி, சட்டியோடு உள்ளே ஏறி, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். சேலை மொத்தத்தையும் வாரிச் சுருட்டி மடியில் அணைத்துக்கொண்டு, சட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். கூண்டு கிளம்பியதும் என் பேண்ட் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "கண்ணத் திறக்கலாமா? திறக்கலாமா?" என்று நான்காவது மாடி வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே என் வீட்டுக்காரர் பூச்சுக் கரண்டியோடு நின்றார். சட்டியை வாங்கி வைத்தார். என் உதட்டைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கீழேயிருந்து மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. நீளமாக, விடாமல், கோபமாக. யார் கை என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

"அண்ணன் கூப்பிடறாரு" என்றார்.

"அது கூப்பிடறது இல்ல, கத்தறது. ரெண்டு தடவ தனித்தனியா அடிச்சாத்தான் லிஃப்ட் வரும்னு சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான்."

என்னைப் பார்த்தார். கரண்டியைச் சட்டியில் குத்தி நிறுத்தினார். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்.

"அண்ணே! ரெண்டு தடவ அடிக்கணும்ணே!"

கீழே சத்தம் நின்றது. நான் பிடியின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. கலவைதான் இறுகும்.