மேர்வின் சேரின் முதல் துப்பாக்கி

என் கணவருக்கு நாற்பத்தைந்து வயதில் துப்பாக்கி ஆசை வந்தது. மற்ற ஆண்களுக்கு அந்த வயதில் மோட்டார் சைக்கிள் ஆசை வரும், இல்லாவிட்டால் தலைக்கு மை பூசும் ஆசை வரும். அந்த இரண்டையும் நான் சமாளித்திருப்பேன்.

நாங்கள் இருவரும் றொசல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். நான் கணிதம், அவர் உடற்கல்வி. பிள்ளைகளுக்கு அவர் மேர்வின் சேர், நான் கேத்ரின் டீச்சர். எங்கள் பாடசாலையில் இருந்து வலயப் போட்டிக்குக் குண்டு எறிதலுக்கு ஆள் போயிருக்கிறது, கரப்பந்துக்குப் போயிருக்கிறது. ஓடுவதற்கு இதுவரை யாரும் தேறவில்லை. இந்த வருடம்தான் நிஷாந்தி வந்தாள். நூறு மீட்டரில் அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு மேர்வின் வீட்டுக்கு வந்து தேநீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். மனிதர் அத்தனை வருடம் காத்திருந்தது இதற்காகத்தான். வலயத்தில் முதலாவது வந்தால் மாகாணத்துக்குப் போகலாம். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். கிடைத்தால் இந்த ஒரு தடவைதான்.

"அங்க துப்பாக்கி வெடிச்சுத்தான் ஓட விடுவாங்க கேத்ரின்," என்றார். "நம்ம பிள்ளைகளுக்கு நான் ரெண்டு பலகையத் தட்டிப் பழக்கி வச்சிருக்கேன். திடீர்னு டமார்னு கேட்டா திகைச்சுப் போய் நின்னுருமே."

நியாயமான பயம்தான். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை ஹட்டனில் றம்ஸானின் விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனோம். நான் கூடப் போனதற்குக் காரணம், என் கணவரைத் தனியாகக் கடைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

றம்ஸான் கண்ணாடி மேசையின் மேல் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது பழைய மொடல் சேர். கறுப்பு இரும்பு, மரப்பிடி, சுத்துற உருளை, எல்லாம் அசல் மாதிரியே. கேப் வெடி போட்டு அடிச்சா டவுனே திரும்பிப் பாக்கும். குண்டு ஒண்ணும் போகாது, வாய அடைச்சிருக்கு. இது புது மொடல். சார்ஜ் போட்டா போதும். விசைய அமத்துனா லைட் எரியும், சத்தம் இந்த ஸ்பீக்கர்ல வரும். புகையில்ல, கேப் இல்ல, பொலிஸுக்கு அலையவும் தேவையில்ல."

புதியது ஆரஞ்சு நிறம். சலூனில் முடி காய வைக்கிற மெஷினைப் போல இருந்தது. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

"இதையே எடுப்போம்ங்க," என்றேன். "நம்ம ஊர் மழைக்கு கேப் நனைஞ்சு போனா என்ன செய்வீங்க?"

"இதத் தூக்கிப் பிடிச்சா பிள்ளைக ஓடாது. தல சீவிக்க வரும்," என்றார் மேர்வின்.

அவர் பழையதை எடுத்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, வாசல் பக்கம் குறி பார்த்தார். ஓட விடுகிறவர் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவார், வாசலைப் பார்த்து அல்ல. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பூப்பந்து வாங்க உள்ளே வந்த ஒரு பெரியவர் குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். அவருக்குச் சிங்களத்தில் சமாதானம் சொல்லி, குடையை எடுத்துக் கொடுத்து, ஒரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் முகத்துக்கு இரத்தம் திரும்பியது. அவ்வளவும் நடந்த பிறகும் என் கணவர் பழைய மொடலைத்தான் வாங்கினார்.

பொலிஸில் காட்டி அனுமதி வாங்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி அடைத்த வாயைச் சோதித்தார், உருளையைச் சுற்றினார், பிறகு அவரும் ஒரு கண்ணை மூடிக் கையை நீட்டினார். ஆண்களுக்கு இது ஒரு வியாதி என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் மேர்வின் அதை என் புதுச் சமையல் துணியால் துடைத்தார். ஞாயிறு தேவாலயப் பூசையிலும் மனிதரின் கவனம் பூசையில் இல்லை.

எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கமும் தேயிலை. அன்று மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பெண்பிள்ளைகள் கோட்டில் குனிந்தார்கள், நடுவில் நிஷாந்தி.

"ஒன் யுவ மார்க்ஸ்... செட்..."

டமார்!

காகங்கள் எல்லாம் எழும்பின. கந்தக வாடை வந்தது. றம்ஸான் பொய் சொல்லவில்லை, சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஆனால் ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. ஆறு பேரும் நிமிர்ந்தார்கள். நடுக்கோட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, முதுகோடு முதுகாக வட்டமாக நின்றார்கள். அண்ணாந்து பார்த்தேன். மலையிலும் கொழுந்து எடுத்தவர்கள் கூடையும் முதுகுமாகக் கும்பல் கும்பலாகச் சேர்ந்து அசையாமல் நின்றார்கள்.

எங்கள் தோட்டத்துக்குச் சிறுத்தை வரும். மலையில் காவலுக்கு இருக்கும் வாச்சர் அழகன் அதைக் கண்டால் ஒரு வெடி போடுவார். வெடி கேட்டால் யாரும் ஓடக் கூடாது. ஓடினால் அது துரத்தும். அந்தந்த இடத்தில் நின்று, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு, பெரிய கும்பலாகத் தெரிய வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை தோறும் காலைக் கூட்டத்தில் தொண்டை வலிக்க வலிக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? வேறு யார், என் கணவர்தான். "வெடி கேட்டா?" என்று அவர் கத்துவார். "நிப்போம் சேர்!" என்று முந்நூறு பிள்ளைகளும் கத்தும்.

மேர்வின் துப்பாக்கியை இறக்கினார். "பிள்ளைகளா, நான்தான் சுட்டேன். இங்க பாருங்க, நான்தான்."

நிஷாந்தி பிடித்த கையை விடவில்லை. "நீங்க சுட்டதா, மேல அழகன் அண்ணன் போட்டதான்னு எங்களுக்கு எப்புடி சேர் தெரியும்?"

 அதற்குள் கொழுந்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு செல்லசாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சேர், ஒங்க ஒரு வெடிக்கு ரெண்டு மலையும் நின்னு போச்சு! ஆளுக கொழுந்துல கை வைக்க மாட்டேங்குறாங்க. அழகன் பாவம், தான் போடாத வெடிக்குச் சிறுத்தையத் தேடிக்கிட்டுத் திரியிறான். இனிமே இந்தச் சாமான் இங்க வெடிக்கவே கூடாது."

அன்று இரவுச் சாப்பாட்டில் மேர்வின் ஒரு திட்டம் சொன்னார். நிஷாந்தியை மட்டும் தூரமாக எங்காவது கூட்டிப் போய், தினமும் வெடித்து வெடித்துப் பழக்குவது. "ரெண்டு கெழமையில சத்தம் கேட்டதும் கால் தானாக் கெளம்பிரும்."

"கெளம்பும்," என்றேன். "பெறகு மலையில அழகன் வெடி போட்டாலும் கெளம்பும்."

சோற்றில் வைத்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னோடு வாதாடாத முதல் நாள் அதுதான். ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் வரவில்லை, பாவமாக இருந்தது. மறுநாளே துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய் ஆரஞ்சு மெஷினை மாற்றிக்கொண்டு வந்தார். றம்ஸான் காரணம்கூடக் கேட்காமல் மாற்றிக் கொடுத்தாராம். நல்ல மனிதர்.

அந்த மெஷினில் வெடிச் சத்தமும் இருந்தது. அதை நாங்கள் தொடவே இல்லை. 'டூட்' என்று ஒரு சத்தம் வைத்தோம், லொறி பின்னுக்கு எடுக்கும்போது கேட்குமே, அது. பிள்ளைகள் அதற்குப் பறந்தார்கள். மேர்வின் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிப் பிடிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

வலயப் போட்டிக்கு முதல் நாள் நிஷாந்தியை என் வகுப்பறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அங்க நெசமாவே வெடிப்பாங்க. ஒன் காலு நின்னுச்சுன்னா நிக்கட்டும். தோத்தாலும் ஒண்ணும் இல்ல. ஆனா நான் சொல்லிக் குடுத்ததை மறந்துறாத. வெடி கேட்டா?"

"நிப்போம் சேர்," என்றாள் அவள், பனிஸ் ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரும்பலகையைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். ஒரு மனிதர் தன் ஆயுள் கனவைத் தன் கையாலேயே எடுத்து மூலையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை.

மறுநாள் ஒரு பஸ் நிறையப் போனோம். நிஷாந்தியின் அம்மா மரியநாயகி, அவளோடு கொழுந்து எடுக்கிற பெண்கள், கண்டாக்கு செல்லசாமிகூட வந்தார். மைதானம் டவுனுக்கு நடுவில். ஓட விடுகிறவர் சிவப்புக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் கையில் இருந்தது அதே பழைய மொடல், கறுப்பு இரும்பு, மரப்பிடி. மேர்வின் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"செட்..."

டமார்!

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. ஒரு பஸ் சனமும் ஒன்றாக நெருங்கி, முதுகோடு முதுகாக நின்றோம். மரியநாயகி என் இடது கையைப் பிடித்தாள். செல்லசாமி என் வலது கையைப் பிடித்தார். கயிற்றோரம் நின்ற மேர்வின், முன்பின் தெரியாத ஒரு பாடசாலை ஆசிரியரை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தார். ஓடுபாதையை எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. புதர் எங்காவது அசைகிறதா என்றுதான் பார்த்தோம்.

எங்களுக்குச் சுய நினைவு வந்தபோது ஒலிபெருக்கியில் எங்கள் பாடசாலையின் பெயர் கேட்டது. முதலாம் இடம். நிஷாந்தி மூச்சு வாங்க, கோபத்தோடு எங்களைப் பார்த்து வந்தாள்.

"ஏன் சேர் ஒருத்தரும் கத்தல? மத்த ஸ்கூல் எல்லாம் என்னமா கத்துனாங்க!"

மேர்வின் அந்த ஆசிரியரை இன்னும் விடவில்லை. "வெடி கேட்டுச்சே பிள்ள," என்றார். "நீ நிக்கலையா?"

நிஷாந்தி சுற்றிப் பார்த்தாள். கடை வரிசையைப் பார்த்தாள், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள், திரும்ப எங்களைப் பார்த்தாள்.

"இங்க எங்க சேர் தேயில இருக்கு?"

அதைக் கேட்ட பிறகுதான் கண்டாக்கு என் கையை விட்டார்.