பாவைப் பிடித்துக்கொண்டு கேட்ட செய்தி

எழுபத்து நாலாம் வருஷம் பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. வெள்ளி விலை ஏறி, கூடவே ஜரிகையும் ஏறியதால் கடைக்காரர்கள் நெசவுக்குப் பாவு கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவில் ஜெயம்மாள் வீட்டுக்கு மட்டும் ஒரு கல்யாணச் சேலைக்குப் பாவு கிடைத்திருந்தது. அது கெட்டால் அடுத்தது கிடைக்காது.

பாவின் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுற்றியாக வேண்டும். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து பிடிக்கும். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு இவர்கள் போவார்கள். ஆனால் இன்று ஆண்கள் எல்லாரும் எதிர்வீட்டுத் தணிகாசலத்தின் புது டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளி விலை இறங்குமா என்று காலைச் செய்தியில் சொல்வார்களாம்.

ஜெயம்மாள் நேராகப் போனாள்.

"ஏம்பா, காதுக்குத்தானே வேலை? கை சும்மாத்தானே இருக்குது? பெட்டியத் தூக்கிக்கினு வாங்க."

எல்லாரும் எழுந்து வந்தார்கள். டிரான்சிஸ்டர் வேப்பமரக் கிளையில் தொங்கியது. ஒரு முனையை அவள் புருஷன் துரைக்கண்ணு இழுத்துப் பிடித்தான், மறுமுனையைத் தணிகாசலம். நடுவில் மற்றவர்கள். ஜெயம்மாள் கஞ்சி தெளித்துக்கொண்டே வந்தாள்.

வெளிநாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் மெஷின் ஒன்று கணக்குப் போடுகிறது என்றது செய்தி.

"நம்ம கூலியக் கொறைக்காம போடுதான்னு கேளு" என்றாள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம். பாவு சிரிப்பில் குலுங்கியது.

"ஆடாதீங்கமா" என்றாள் ஜெயம்மாள்.

"பம்பாய்ச் சந்தையில் வெள்ளி விலை..." என்று ஆரம்பித்த குரல் தேய்ந்து, கரகரத்து, நின்றேபோனது.

"பேட்டரிக் கட்டை தீர்ந்துடுச்சு" என்றான் தணிகாசலம். அவன் கால் கிளைப்பக்கம் ஒரு அடி வைத்தது.

"ஓரமா ஒரு தட்டு தட்டுனா பேசும், ஜெயம்மா. ஒரே தட்டு."

"நீ கைய விட்டா என் பாவு சிக்கும். ஏற்கெனவே ஒரு தெருவே சும்மா கெடக்குது. என் தறியும் கெடக்கணுமா?"

தணிகாசலம் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டான். எல்லாரும் மேலே ஊமைப் பெட்டியையும் கீழே பட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்கள். வெயில் சுவரில் இறங்கியது. ஜெயம்மாளின் விரல்கள் இழை இழையாக முடிந்துகொண்டே போயின.

அப்போது டீக்கடைப் பக்கமிருந்து அதே தெரு ராஜகோபால் சைக்கிளை மிதித்து வந்தான். பாவைப் பார்த்ததும் தூரத்திலேயே காலை ஊன்றினான்.

"வெள்ளி எறங்கிடுச்சுபா. டீக்கடை ரேடியோல சொன்னான். இன்னும் எறங்குமாம்."

எல்லார் முகமும் மலர்ந்தது. நடுவில் இரண்டு மூன்று பேரின் கைகள் தட்டுவதற்கு எழப் பார்த்தன.

"தட்டுறதுன்னா சுத்தி முடிச்சிட்டு தட்டுங்க" என்றாள் ஜெயம்மாள்.

எழுந்த கைகள் இழைக்கே திரும்பின. வாய் மட்டும் காது வரைக்கும் போயிருந்தது. துரைக்கண்ணு மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தான். கடைசி முழமும் உருளையில் ஏறியது. ஒரு சிக்கு இல்லை.

அதன் பிறகுதான் தெரு முழுக்கக் கை தட்டியது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் என்ன விசேஷம் என்று நின்று பார்த்தார்.

தணிகாசலம் டிரான்சிஸ்டரைக் கிளையிலிருந்து இறக்கினான்.

"எனக்குப் பாவு வந்தா பிடிக்க வருவியா ஜெயம்மா?"

"வர்றேன். புதுக் கட்டை போட்டு வை."