மக்காத பைகள்

அக்டோபர் பன்னிரண்டு. இரவெல்லாம் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. வானம் மூடியிருந்தது. காற்று அறவே இல்லை.

1

இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறையாகும். தீயில் கருகிய காடொன்றில் மரக்கன்று நடச் சென்ற தன்னார்வலர்களுள் நானும் ஒருத்தி. மேற்குறித்த நாளில், ஒரு பெண் தான் நட்ட கன்றைத் தானே பிடுங்குவதைக் கண்டேன். பக்கத்து வரிசையில் இருந்தமையால் அவள் பேச்சும் காதில் விழுந்தது. ஏனையவை பின்னர் கேட்டறிந்தவையும், கேட்கத் துணியாமல் நானே இட்டு நிரப்பியவையும் ஆகும்.

முதலில் எழுதிய தொடக்கம்: "கருகிய மரங்கள் வானை நோக்கிக் கைகூப்பி நின்ற..." இதை நீக்கிவிட்டேன். கருகிய மரங்கள் எவரை நோக்கியும் கைகூப்புவதில்லை. நிற்கின்றன, பிறகு விழுகின்றன.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு தையல்காரி இருந்தாள்." இது நிற்கட்டும்.

2

ஒரு தையல்காரி இருந்தாள். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் அவளது கடை. தையல் இயந்திரத்தை வைத்தபின் வாடிக்கையாளர் வாசலில் நின்றுதான் அளவு கொடுக்க வேண்டும். அவ்வளவு சிறிய இடம். அவளுடைய அண்ணன் தீயணைப்புப் பணியாளர். ஈராண்டுகளுக்கு முன்பு, கோடையில், இக்காட்டின் மேற்குச் சரிவில் தீ அவரை நாற்புறமும் சூழ்ந்துகொண்டது. வீட்டுக்குத் திரும்பி வந்தது இடுப்புப் பட்டையின் கொக்கி மட்டுமே. எஞ்சிய அனைத்தும் அந்த மண்ணோடு மண்ணாக... (இவ்வாக்கியத்தை மும்முறை தொடங்கினேன். முடிக்க இயலவில்லை.)

சரிவு குறித்து வனத்துறை ஒரு முடிவு எடுத்திருந்தது. நட்ட கன்றுகள் இந்த மழைக்காலத்துக்குள் வேர்பிடித்தால் அது காடாகவே விடப்படும். இல்லையேல் பட்ட மரங்களை அகற்றி, புல்டோசரால் மண்ணைப் புரட்டி, புதிதாகத் தொடங்குவார்கள். அண்ணன் கிடக்கும் மண்ணைப் புரட்டுவார்கள். தையல்காரியின் கவலை முழுவதும் இதுவே.

3

இனி, தவறு நேர்ந்த விதம்.

சென்ற ஆண்டு கன்றுகள் வழக்கமான கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரவில்லை. துணி போன்ற வெள்ளைப் பைகளில் வந்தன. பையைக் கிழித்துவிட்டு நடுவதா, பையோடு நடுவதா? நடவைக் கவனித்த வனத்துறை மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை. "துணி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் தையல்காரியைப் பார்த்தனர்.

துணியில் ஐயம் வந்தால் தையல்காரர் எவரும் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பர். பருத்தியானால் சாம்பலாய் உதிரும். பிளாஸ்டிக்கானால் உருகி மணியாகச் சுருளும். ஒரு தீக்குச்சி போதும். ஆனால் எரிந்த காட்டுக்குள் தீக்குச்சி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

(அந்தத் தடையைக் குறை சொல்ல முடியுமா? நானும் பலவாறு முயன்றேன். முடியவில்லை.)

எனவே அவள் பையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். "காலருக்குள்ள வைக்கிற கேன்வாஸ் மாதிரி இருக்கு. பருத்திதான். தானா மக்கிடும், அப்படியே நடுங்க" என்றாள். சரிவு முழுவதும் அப்படியே நட்டார்கள்.

ஓராண்டு கழித்து, இலைகள் மஞ்சளாகியிருந்தன. அவள் ஒரு கன்றைப் பிடுங்கினாள். பை நேற்றுத் தைத்தது போல இருந்தது. உள்ளே, வெளியேற வழியின்றி, வேர்கள் ஒன்றையொன்று சுற்றி இறுகியிருந்தன. மழை ஓயுமுன் ஒவ்வொரு கன்றையும் பிடுங்கி, பையை வெட்டியெடுத்து, மீண்டும் நட வேண்டும்.

4

அண்ணியின் பாத்திரத்தில் எனக்கு ஐயம் உண்டு. தீயில் மாண்டவரின் மனைவி அவள். எதற்காக நாத்தனாருடன் வந்தாள்? முதற்படியில் "அன்பினால்" என்று எழுதினேன். அவள் பேச்சைக் கேட்டபின் அச்சொல்லை அடித்துவிட்டேன்.

"ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவ, ஒரு பையில கோட்டை விட்டுட்டியே."

"சிரிச்சு முடிச்சுட்டு அந்தக் கத்திரிக்கோலைக் குடுங்க, அண்ணி."

"உங்க அண்ணன் வீட்டுல ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தினதில்ல, தெரியுமா? அவருக்குக் காடே நட்டுக் குடுக்கிற நீ."

"பிடிக்கலைன்னா ஏன் வந்தீங்க?"

"எனக்கு மரம் வேணாம்டி. அவர் மேல வண்டி ஏறக்கூடாது. அவ்வளவுதான்."

5

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஏறி வந்தார். சரிவின் மேற்பகுதியில் சிவப்பு நாடா கட்டப்பட்டிருந்தது. சென்ற ஆண்டு உறுதியாக நின்ற பட்ட மரங்களின் வேர்கள் இவ்வாண்டு உளுத்துவிட்டிருந்தன.

"நாடாவுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு வேணா பிடுங்குங்கம்மா. அந்தப் பக்கம் வேணாம். மண்ணு ஊறிக் கெடக்கு, காத்தே இல்லாம சாயும். மழை விட்டதும் மரத்தை வெட்டி இறக்கிடுவோம், அப்புறம் செய்யலாம்."

"மழை விட்டப்புறம் வேர் பிடிக்குமா, சார்?" என்றாள் தையல்காரி.

அவர் தளர்ந்த நாடாவை இழுத்துக் கட்டினார்.

"அவர் கெடக்கிறது அந்தப் பக்கம்தான்" என்றாள் அண்ணி. நாடாவை முதலில் தூக்கியவள் அவளே. தையல்காரி அதன் கீழே குனிந்து சென்றாள்.

6

முதல் முடிவு: மேற்பார்வையாளர் கையைப் பிடித்து இழுக்கிறார், இருவரும் திரும்பி விடு... இது பொய். அவர் இழுத்தார், அவர்கள் திரும்பவில்லை.

இரண்டாம் முடிவு: பொழுது சாய்வதற்குள் எல்லாப் பைகளையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒருவரையொருவர் கேலி செய்தபடி இறங்கி வருகிறார்கள். இதை முழுமையாக எழுதினேன். இக்கதையிலேயே நன்கு அமைந்த பக்கம் அதுதான். ஆயினும் அந்த முறிவோசையை நான் என் காதால் கேட்டேன். ஆகவே கிழித்தெறிய நேர்ந்தது.

மூன்றாம் முடிவில் மரம் விழுகிறது. அடியில் ஒருத்தி.

எவள்?

தையல்காரி என்று எழுதினால், தன் தவறுக்குத் தானே விலை கொடுத்தாள் என்று நீங்கள் தலையசைப்பீர்கள். அத்தலையசைப்புக்கு நான் அஞ்சுகிறேன். அண்ணி என்று எழுதினால், மரமே வேண்டாம் என்றவளை மரம் கொன்றது என்பீர்கள். அதுவும் வாக்கியமாகப் பார்த்தால் அழகாகவே இருக்கிறது. ஒரு சாவு இவ்வளவு எளிதில் வாக்கியத்துக்குள் அடங்குவது எனக்கு அருவருப்பைத் தருகிறது.

எவள் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். உயிரோடிருப்பவள் இதை வாசிக்கக்கூடும். கூட்டிக்கொண்டு போனது யார் என்று ஊரார் அவளிடம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் தன்னையே இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாசகரே, வேண்டுமானால் நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஆனால் எவளைத் தேர்ந்தாலும், மற்றவள் அச்சரிவிலிருந்து தனியாக இறங்கி வருவதையும் நீங்களே எழுத வேண்டும். அதற்கு மனமில்லை எனில், என்னைப் போலவே மரம் விழுந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலை நான்கு மணி பத்து நிமிடம்.