ஆட்சேபம் இருக்கா?

திங்கட்கிழமைக் கூட்டம் தொடங்கித் தேநீர் ஆறுவதற்குள் பிரிவுத் தலைவர் உஷியாமாவின் தாடை நெஞ்சில் இறங்கிவிட்டது.

"பாவம், மனுஷன் ராப்பகலா உழைக்கிறாரு" என்று பக்கத்து நாற்காலி நெஸு முணுமுணுத்தான். அவனுக்கே கண் செருகிக்கொண்டிருந்தது.

சிதோசே கனேமோரி குறிப்பேட்டில் தேதியை எழுதினாள். நகோயாவில் தலையணை விற்கும் அந்தக் கம்பெனியில் ஆண்கள் தூங்கினால் உழைப்பு. அவள் தூங்கினால் சோம்பேறித்தனம். கையில் பேனாவோடு, பாதிப் பேச்சில் சரிந்துவிடுவாள். "ராத்திரி அப்படி என்னதான் பண்றீங்க?" என்று கேட்டுச் சிரித்தவர்கள்தான் இவர்கள்.

போன மாதம்தான் மருத்துவர் காரணம் சொன்னார். மூளையில் விழிப்பைச் சரியாமல் பிடித்துக்கொள்வது ஒரெக்சின் என்ற ரசாயனம். அதைச் சுரக்கும் செல்கள் அவளுக்கு அழிந்துபோயிருந்தன. மாத்திரை அவற்றைத் திருப்பித் தராது, முட்டு மட்டும் கொடுக்கும். அந்த முட்டில்தான் இன்று, வேலையில் சேர்ந்தபின் முதல்முறையாக, ஒரு கூட்டத்தை முழுசாகக் கேட்கிறாள்.

எதைத் தவறவிட்டோமென்று இத்தனை வருஷம் கூசினாளோ, அது இதுதான்: போன வாரம் பேசியதை இந்த வாரம் பேசலாமென்று போன வாரம் முடிவு செய்திருந்தார்கள். இப்போது அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்கள். ஒரெக்சினுக்குக் குறைவே இல்லாத பெரியவர்கள், அதில் ஒரு துளியும் செலவழிக்காமல் மேசையைச் சுற்றிக் குறட்டை விட்டார்கள்.

துணைத் தலைவர் ஹிராடே மட்டும், தாளிலிருந்து தலை நிமிராமல் வாசித்தார். அவள் வழக்கம்போல் தூங்கியிருப்பாள் என்ற தைரியம்.

"கடைசி விஷயம். கனேமோரி-சானைக் கிடங்குக்கு மாத்துறோம். வேலை நேரத்துல தூங்குறாங்க. ஆட்சேபம் இருக்கா?"

கிடங்கு என்றால், தானாக ராஜினாமா எழுதித் தரும்வரை அட்டைப்பெட்டிகளோடு குடித்தனம். யாரும் வாய் திறக்காவிட்டால் முடிவு நிறைவேறிவிடும். யாரும் திறக்கவில்லை.

"இருக்கு" என்றாள்.

ஹிராடே திடுக்கிட்டார். "நீங்க... முழிச்சா இருக்கீங்க?"

"நானும் நீங்களும் மட்டும்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே, கனேமோரி-சான்!"

"அப்படியா? எழுப்பிக் கேளுங்க."

ஹிராடே உஷியாமாவைப் பார்த்தார். எழுப்பினால், தலைவர் தூங்கினார் என்று ஆகிவிடும். கை பாதியில் நின்றது.

"தலைவர் யோசிச்சிட்டிருக்காரு."

"எச்சில் ஒழுகற அளவுக்கா? வேலை நேரத்துல தூங்குறவங்க கிடங்குக்குன்னா, பேரை எழுதிக்குங்க. நான் வரிசையாச் சொல்றேன்."

ஹிராடே தாளை அவசரமாக மடித்தார். "இதை... அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

உஷியாமா கண் திறந்து உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அதேதான். நானும் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன்."

சிதோசே தலைகுனிந்து வணங்கினாள். இந்த அறையில் அடுத்த வாரம் என்றால் என்ன என்று இன்றுதான் முழுசாகக் கேட்டிருந்தாள்.